மஞ்சள் நீர் போன வழி

உ
சிவமயம்

பூவான்குடி
சாதாரண வருஷம், மாசி மாதம் (20-2-1971)

அன்புள்ள தம்பி சிதம்பரத்துக்கு உன்னுடன் பிறந்த ஆச்சி வள்ளிக்கண்ணு எழுதியது. நானும் உன் அத்தானும் சுகம். ஈப்போவில் நீயும் சொர்ணவல்லியும் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரிடம் தினமும் ஒரு தரம் சொல்லிவைக்கிறேன்.

உன் மகள் உமையாள் கல்யாணம் முடிந்து நீங்கள் கப்பலேறிய நாளிலிருந்து நாம் பிறந்த அப்பச்சி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் திறந்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டுப் பூட்டி வருகிறேன். வாடகைக்கு எடுத்த அண்டா, குண்டான் எல்லாவற்றையும் எண்ணிக் காரைக்குடிக்குத் திருப்பிவிட்டேன். கணக்கில் ஒரு பித்தளைக் கரண்டி கூடுதலாக நிற்கிறது. உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, கடைக்காரரும் தன்னுடையதில்லை என்கிறார். ஒன்று குறைந்தால் யாரோ எடுத்துப்போனார்கள் என்று விட்டுவிடலாம். கூடினால் என்ன செய்வது?

இன்னொரு சங்கதி. போன வாரம் காலமில்லாத காலத்தில் ஒரு மழை பெய்தது. மறுநாள் குடிதண்ணீர் ஊருணியில் குடத்தை முக்கினால் நுரைக்கிறது. செருப்பைக் கரையில் விட்டு, குடத்தின் அடியைக் கழுவிக்கொண்டுதானே அதில் இறங்குகிறோம். கருத்தையா கம்பை வைத்துக்கொண்டு காவல் இருக்கிறார். மழை பெய்தால் தண்ணீர் தெளிய வேண்டும், நுரைப்பானேன்? தேத்தாங்கொட்டையை உரைத்துப் போட்டேன். கலங்கல் அடங்கியது, நுரை அடங்கவில்லை. பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. காகிதம் நிறைந்துவிட்டது.

ஆசீர்வாதத்துடன்
வள்ளிக்கண்ணு

•

ஈப்போ
12-3-1971

ஆச்சி அவர்களுக்கு சிதம்பரம் வணக்கம். இங்கு யாவரும் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு சம்பந்தி வீட்டார் இருபது பேர்போல் வருகிறார்கள். நம் வீட்டில்தான் தங்கப்போகிறார்கள். புதுக் குளியலறைகள் மூன்றையும் திறந்து சுத்தம் செய்து வையுங்கள். கல்யாணப் பேச்சில் அவர்கள் முதலில் கேட்டது நகையில்லை, குளியலறை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் கொண்டுவந்த பச்சைச் சோப்பு இரண்டு பெட்டி மாடியில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுங்கள்.

ஊருணி பற்றி எழுதியிருந்தீர்கள். தண்ணீர் வற்றுகிற காலத்தில் அப்படித்தான் இருக்கும். நம் அப்பச்சியைப் பெற்ற ஐயா வெட்டிவைத்த ஊருணிக்கு ஒன்றும் வராது.

கரண்டி எங்களுடையது இல்லை என்று சொர்ணவல்லியும் சொல்கிறாள்.

தங்கள் தம்பி
சிதம்பரம்

•

உ
சிவமயம்

பூவான்குடி
விரோதிகிருது வருஷம், சித்திரை மாதம் (2-5-1971)

தம்பி சிதம்பரத்துக்கு. அத்தானின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வலியைப் பற்றி நீ விசாரித்தாய் என்றதும் ஒரு நாள் நன்றாக நடந்தார்.

சம்பந்தி வீட்டார் வந்து, எட்டு நாள் தங்கி, சந்தோஷமாகப் போனார்கள். சோப்பு இரண்டு பெட்டியும் தீர்ந்துவிட்டது. அவர்கள் போன மூன்றாம் நாள் கோடை மழை கொட்டியது. மறுபடியும் ஊருணி நுரைத்தது. இந்தத் தடவை வடகரைப் பக்கம் முழங்கை உயரத்துக்கு வெள்ளையாக ஒதுங்கி நின்றது. நான் கொஞ்சம் அள்ளி முகர்ந்து பார்த்தேன். பூ வாசனை மாதிரி இருந்தது. எங்கேயோ முகர்ந்த வாசனை. எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை.

பிள்ளையார் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைவர் முத்துராமலிங்கம் எழுந்து, "இப்ப கீழத்தெருவுல எல்லா வீட்லயும் சோப்புத்தூள் வாங்குறாக. அதுல முக்குன குடத்தையே கொண்டாந்து ஊருணியிலயும் முக்குறாக. நுரை வேற எங்கிட்டிருந்து வரும்?" என்றார்.

கருத்தையா, "நான் பாத்தவரைக்கும் அப்படி யாரும் செய்யலைங்க" என்றார்.

"நீ பாத்தது நீ முழிச்சிருந்தப்ப" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானமும் ஆகிவிட்டது. நுரை நிற்கும்வரை கீழத்தெருக்காரர்கள் ஊருணியில் தண்ணீர் எடுக்கக் கூடாதாம். அவர்கள் இப்போது எருமை படுக்கிற கண்மாய்க்குப் போகிறார்கள். போக ஒரு மைல், வர ஒரு மைல்.

நம் வீட்டு வேலைக்கு வரும் பொன்னுத்தாயி அந்தத் தெருதான். கல்யாணத்தில் எல்லாப் பாத்திரமும் அவள்தான் தேய்த்தாள், உனக்குத் தெரியும். அவள் மகள் காளியம்மாள் பிரசவத்துக்கு வந்து இருக்கிறாள். "சோப்புத்தூள் வாங்குற அளவுக்குக் காசிருந்தா நான் எதுக்கு ஆச்சி ஒங்க வீட்ல பத்துப்பாத்திரம் தேய்க்கிறேன்?" என்று கேட்டாள். நான் எடுக்கும்போது ஒரு குடம் கூடுதலாக எடுத்து அவளுக்குக் கொடுக்கிறேன். ஒரு தெருவுக்கு ஒரு குடம் எந்த மூலைக்கு?

உன்னை ஒன்று கேட்க வேண்டும். நம் வீட்டில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் நடு முற்றத்து வளவுக்குள்தானே விழுகிறது. வளவு மூலையில் உள்ள கல்காலில், அந்த மழைத்தண்ணீர் வாய்க்காலில், இறங்கி அது எங்கே போகிறது? நான் பிறந்த வீடு. ஆனாலும் எனக்குத் தெரியாது. பெண்பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

ஆசீர்வாதத்துடன்
வள்ளிக்கண்ணு

•

உ
சிவமயம்

பூவான்குடி
வைகாசி மாதம் (6-6-1971)

தம்பிக்கு. உன்னிடமிருந்து பதில் இல்லை. காய்ச்சலாக இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. பிள்ளையாருக்குச் சிதறுகாய் நேர்ந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வளவில் உட்கார்ந்திருந்தபோது நம் ஐயா ஞாபகம் வந்தது. வருஷத்தின் முதல் மழைக்கு மேகம் கூடினால் அவர் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்த மூலைக்காலை ஒரு கல்லால் அடைப்பார். கல்லின் நடுவில் இரும்பு வளையம் இருக்கும். ஏன் என்று கேட்டால், "முதல் மழை ஓட்டுக்கு, ரெண்டாம் மழை ஊருணிக்கு" என்பார். ஏதோ சாங்கியம் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், ஓட்டின் தூசி, காக்கை எச்சம் எல்லாம் முதல் மழையில் கழுவித் தோட்டத்துக்குப் போகட்டும், அப்புறம் வருகிற நல்ல தண்ணீர் ஊருணிக்குப் போகட்டும் என்றுதான் அடைத்திருக்கிறார். அப்படியானால் அந்தக் கால் ஊருணிக்குத்தான் போகிறதா? தெருவுக்கு அடியிலேயா?

கல்லை வீடு முழுக்கத் தேடினேன். மூலையில் இல்லை. உனக்கு ஏதும் தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வள்ளிக்கண்ணு

•

ஈப்போ
28-6-1971

ஆச்சி அவர்களுக்கு சிதம்பரம் வணக்கம். காய்ச்சல் ஒன்றும் இல்லை. கடையில் வேலை அதிகம். இங்கு தினமும் பிற்பகலில் மழை. குடையை விரிப்பதற்குள் நின்றுவிடுகிறது.

உமையாள் மாமியார் வீட்டில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாள். நம் வீட்டைப் பற்றி அவர்கள் இன்னும் புகழ்ந்து பேசுகிறார்கள்.

கீழத்தெரு விஷயத்தில் ஊர் முடிவு செய்துவிட்டது. நாம் தலையிட வேண்டாம். குளியலறையில் எதையும் இடிக்கவோ பெயர்க்கவோ வேண்டாம். ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருந்துகொண்டு என்னால் ஆள் வைத்துப் பார்க்க முடியாது.

அத்தானுக்கு முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

தங்கள் தம்பி
சிதம்பரம்

•

உ
சிவமயம்

பூவான்குடி
ஆடி மாதம் (25-7-1971)

தம்பிக்கு. தைலம் வந்தது. அத்தான் தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க மணக்கிறார்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நான் பள்ளிக்கூடம் போகாதவள். பஞ்சாங்கத்தையும் கடைப் பலகைகளையும் பார்த்து எழுத்துக் கூட்டியவள். அதனால் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துத்தான் படிப்பேன். நான் மழைக்காலைப் பற்றிக் கேட்டேன். இடிப்பதைப் பற்றி எழுதவே இல்லை. குளியலறை என்ற சொல்லையும் எழுதவில்லை. அப்போதுதான் ஊருணியில் முகர்ந்த பூ வாசனை எது என்று எனக்குப் பிடிபட்டது. உன் பச்சைச் சோப்பு.

மறுநாளே பொன்னுத்தாயியைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். குளியலறையில் துணி துவைக்கப் போட்டிருக்கும் கல்லை அவள் அடியையும் தேய்க்க நிமிர்த்திக்கொண்டே, "ஆச்சி, துவைக்கிற கல்லுக்கு யாராச்சும் வளையம் வைப்பாகளா?" என்றாள். புரட்டிப் போட்டிருந்தார்கள். அடிப்பக்கம் ஐயாவின் இரும்பு வளையம்.

நான் நம்பவில்லை. நம்புவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆலத்திக்குக் கரைப்பது போல் மஞ்சளும் சுண்ணாம்பும் ஒரு அண்டா நிறையக் கரைத்தேன். நல்ல ரத்தச் சிவப்பு. பொன்னுத்தாயியை ஊருணி வடகரைக்கு அனுப்பினேன். "நான் அங்குட்டுப் போகலாமா? எடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னாக, நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டு போனாள். தண்ணீர் கீழே இறங்கிவிட்டதால் வடகரையில் கோரைக்கு நடுவே ஒரு கல்மடை வாய் பிளந்து தெரிகிறது. அதற்கு அடியில் ஒரு கொப்பரைப் பாத்திரத்தை வைக்கச் சொன்னேன், ஒரு சொட்டும் ஊருணியில் விழக் கூடாது என்று.

நான் குளியலறையில் அண்டாவைக் கவிழ்த்தேன். பின்னாலேயே உப்புக்கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினேன். அப்புறம் வளவில் உட்கார்ந்து காத்திருந்தேன். உண்மை தெரியப்போகிறது என்ற ஆசையும், தெரிந்துவிடக் கூடாதே என்ற பயமும் ஒன்றாக இருந்தன.

பொன்னுத்தாயி ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து வாசல்படியில் நின்றாள்.

"ஆச்சி, நம்ம ஊருணி சமைஞ்சிருச்சு. சடங்குக்கு நாள் பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள். "முன்னால கறுப்பா வந்துச்சு. அப்புறம் சோப்பு. அப்புறம் செவப்பு. இதுக்குத்தான் எங்களக் கண்மாய்க்கு வெரட்டுனாகளா?" என்றாள்.

தம்பி, குளியலறைக் குழாயை ஐயாவின் மழைக்காலில் சேர்த்திருக்கிறார்கள். இருபது பேர் குளித்த அழுக்கு அந்தக் காலில் தேங்கிக் கிடந்து, மழை வரும்போது தள்ளப்பட்டு ஊருணிக்குப் போகிறது. குழாயைத் துண்டித்துத் தோட்டத்தில் அழுக்குத் தண்ணீர் மண்ணில் இறங்க ஒரு உறைகுழி வெட்டிவிட்டால் போதும். கூட்டத்தில் சொல்லிவிட்டால் கீழத்தெருவுக்கும் விடிவு வரும். உன் சம்மதம் வேண்டும். தாமதிக்காதே.

வள்ளிக்கண்ணு

•

ஈப்போ
9-8-1971

ஆச்சி அவர்களுக்கு.

கடிதம் கிடைத்தது. பொறுங்கள். தை மாதம் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம். ஊருணி வெட்டிய வீடே ஊருணியைக் கெடுத்தது என்று ஊர் பேசினால் அது சம்பந்தி காதுக்கும் போகும். உமையாள் அங்கே வாழ வேண்டியவள். பொன்னுத்தாயிக்கு ஏதாவது கொடுத்துச் சொல்லிவையுங்கள்.

சிதம்பரம்

•

உ
சிவமயம்

பூவான்குடி
புரட்டாசி மாதம் (20-9-1971)

தம்பி சிதம்பரத்துக்கு ஆச்சி எழுதியது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நீ பொறுக்கச் சொன்னாய். ஆவணி பிறக்கும்வரை பொறுத்தேன். அதற்குள் காளியம்மாளுக்குக் கண்மாய்த் தண்ணீரால் வயிற்றுப்போக்கு கண்டது. நிறைமாதம். மாட்டு வண்டியில் போட்டுக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த எந்தப் பாட்டும் வாயில் வரவில்லை. பிழைத்துக்கொண்டாள். குழந்தையும் அப்புறம் நல்லபடியாகப் பிறந்தது, பெண். அதற்குப் பிறகு என்னால் தை வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. மழை தைக்காகக் காத்திருக்குமா?

பொன்னுத்தாயிக்கு எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆனால் ஒன்று யோசித்தேன். கல்யாணத்துக்குக் குளியலறை கட்டியது உன் வீட்டில் மட்டுமா? நம் தெருவில் பூட்டிய வீடுகள்தான் அதிகம். வீட்டுக்காரர்கள் மதராஸிலும் மலேயாவிலும் இருக்கிறார்கள். சாவிகள் மட்டும் இங்கே, ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் இடுப்பில். ஒருத்தி தங்கை, ஒருத்தி நாத்தனார், ஒருத்தி சமையல்காரி. நான் வீடு வீடாகப் போய், "உங்க வளவுத் தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க ஒவ்வொரு வீடாகத் திறந்து மஞ்சள் நீர் ஊற்றினோம். கீழத்தெருப் பெண்கள் மடைவாய்களில் கொப்பரையோடு நின்றார்கள். "என்ன, ஊருக்கே மஞ்சத்தண்ணி ஊத்துறீக, மாப்பிள்ளை யாரு?" என்று ஆண்கள் கேலி செய்தார்கள். இன்னும் மூன்று வீட்டுக் கொப்பரை சிவந்ததும் கேலி நின்றது.

அன்று சாயங்காலமே கூட்டம். முதலில் உன் வீட்டைத்தான் சொன்னேன். முத்துராமலிங்கம் கொத்தனார் மாயக்கண்ணனைக் கூப்பிட்டு, "யாரு ஒன்னைய மழைக்கால்ல சேக்கச் சொன்னது?" என்று அதட்டினார். மாயக்கண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "வீட்டுக்காரக சொன்னாக, செஞ்சேன்" என்றார். எந்த வீட்டுக்காரர் என்று கேட்க முத்துராமலிங்கம் வாயெடுத்தார். நான் எழுந்து, "சாவி என்கிட்ட இருக்கு. குத்தமும் என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மாயக்கண்ணன் நல்ல ஞாபகசக்தி உள்ளவர். என்னிடம் தனியாக வேறு ஒன்றும் சொன்னார். அதை எழுத வேண்டியதில்லை.

நாலு வீட்டுக் குழாயும் துண்டித்தாகிவிட்டது. தோட்டத்தில் உறைகுழி இறக்கியாகிவிட்டது. ஊருணியில் அடியில் கிடந்த கெட்ட தண்ணீரை இறைத்து, எல்லாத் தெருவும் சேர்ந்து சேறு வாரினோம். ஐயாவின் கல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. முதல் மழைக்கு நான் அடைத்தேன், இரண்டாவது மழைக்குத் திறந்தேன். ஊருணி கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஆனால் கீழத்தெரு இன்னும் தண்ணீர் எடுக்க வரவில்லை. சேறு வார வந்தார்கள். வாரி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கண்மாய்க்குத்தான் குடத்தைத் தூக்கினார்கள். இனிமேல் வரலாம் என்று முத்துராமலிங்கம் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். பொன்னுத்தாயி அந்த ஆளிடம், "போகச் சொன்னப்ப சபை கூட்டிச் சொன்னீக. வரச் சொல்றப்ப சந்துல நின்னு சொல்றீகளா?" என்றாளாம். என்னிடம் வேறு மாதிரி சொன்னாள். "நீக செய்யாததுக்கு நீக தலை குனிஞ்சீக. எங்களுக்கும் அதுதானே ஆச்சி நடந்துச்சு. செஞ்சவுக வாயால ஒரு வார்த்தை வரட்டும்."

கைக்குழந்தை வீட்டில் இருக்கிறது. குடிப்பது இன்னும் கண்மாய்த் தண்ணீர்தான்.

நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன்.

வள்ளிக்கண்ணு

•

ஈப்போ
30-10-1971

ஆச்சி அவர்களுக்கு சிதம்பரம் நமஸ்காரம்.

ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சொர்ணவல்லிதான் நேற்று உங்கள் கடிதத்தை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு, சாப்பாடு போடாமல் உள்ளே போய்விட்டாள்.

சம்பந்திக்கு இந்த மாத ஆரம்பத்திலேயே நானே எழுதிவிட்டேன். "அப்படியானால் அடுத்த திருவிழாவுக்கு எங்கே குளிப்பது?" என்று மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார். இதற்காகவா ஆறு மாதம் பயந்தேன் என்று இருக்கிறது.

இத்துடன் உள்ள தாளை ஊர்க்கூட்டத்தில் நீங்களே படியுங்கள். முத்துராமலிங்கத்திடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் பாதியை விழுங்கிவிடுவார்.

"பூவான்குடி ஊராருக்கு, முக்கியமாகக் கீழத்தெருவாருக்கு. மழைக்காலில் குழாயைச் சேர்க்கச் சொன்னவன் நான். அது ஊருணிக்குப் போகிறது என்று மாயக்கண்ணன் வளையக்கல்லைக் காட்டித் தடுத்தார். கல்யாணத்துக்கு நாள் இல்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அப்புறம் மாற்றவில்லை. உங்கள்மேல் பழி விழுந்தது தெரிந்தும் பேசாமல் இருந்தேன். என் ஆச்சிக்கு இதில் எதுவும் தெரியாது. உங்கள் ஊருணியில் நீங்கள் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மன்னியுங்கள். சிதம்பரம்."

பதில் எழுதுங்கள், ஆச்சி. திட்டியாவது எழுதுங்கள்.

•

உ
சிவமயம்

பூவான்குடி
கார்த்திகை மாதம் (21-11-1971)

என் அன்புத் தம்பிக்கு ஆச்சி ஆசீர்வாதம். அத்தான் முழங்கால் தேவலை. இங்கு நல்ல மழை.

உன் தாளைக் கூட்டத்தில் படித்தேன். ஒரு எழுத்தும் விடவில்லை. படித்து முடித்ததும் பொன்னுத்தாயி, "இன்னொருக்காப் படிங்க ஆச்சி. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கலை" என்றாள். பின்னால் நின்றது முத்துராமலிங்கம் மட்டும்தான். இன்னொரு தரம் படித்தேன். அதற்குப் பிறகு அவரும் முன்னால் வந்து, தான் அன்று சொன்னது தப்பு என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். கருத்தையா தன் கம்பைத் தூக்கிக் காட்டி, "நான் முழிச்சுத்தான் இருந்தேன்" என்றார்.

மறுநாள் விடியலில் கீழத்தெரு வந்தது. செருப்பைக் கரையில் விட்டு, குடத்தின் அடியைக் கழுவிக்கொண்டு, வரிசையாக இறங்கினார்கள். காளியம்மாள் கையில் குழந்தை. படியில் உட்கார்ந்து விரலை நனைத்து அதன் உதட்டில் வைத்தாள். அது சப்புக்கொட்டியது.

நீ செய்ததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீ எழுதியதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். தை மாதம் வா. மழைக்கல்லை எப்படி வைப்பது என்று உனக்குக் காட்ட வேண்டும். இத்தனை நாள் ஆண்பிள்ளைக்குச் சொன்னதை இனி நான் சொல்லித் தருகிறேன்.

ஒரு விஷயம். நேற்று பொன்னுத்தாயி பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள். மேல்தட்டைக் கையால் காட்டி, "அந்தப் பித்தளைக் கரண்டி என்னோடது ஆச்சி" என்றாள். கல்யாணத்துக்குக் கரண்டி போதவில்லை என்று அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததாம்.

"இத்தனை மாசமா ஏண்டி சொல்லலை? நான் ஊரெல்லாம் கேட்டேனே" என்றேன்.

"கல்யாண வீட்லருந்து ஒரு கரண்டியக் கையில எடுத்துக்கிட்டு நான் தெருவுல நடந்தா, என்னோடதுன்னு யாரு ஆச்சி நம்புவா?" என்றாள். "இப்ப நம்புவீக."

எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் மறைக்காமல், கையில் பிடித்து வீசிக்கொண்டே தெருவோடு போனாள்.

என் கணக்கு நேராகிவிட்டது.

ஆச்சி வள்ளிக்கண்ணு